கதவை யாரும் திறக்கவில்லை

அவள் பேரை எழுதப் போவதில்லை. மரியாதைக்காக என்று நினைக்க வேண்டாம். எங்கள் கம்பெனியில் அவள் இருந்த காலம் முழுக்க, ஒரு தப்பு நடந்தால் அதைச் செய்த பெரிய ஆளின் பேர் அவள் வாயில் வந்ததே இல்லை. அவளைப் பற்றி எழுதும்போது அவள் பேர் மட்டும் எதற்கு.

சூப்பர்வைசர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மேடம் என்போம். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவள். வெளியே பார்த்தால் நான் ஏத்தா என்று கூப்பிடுவேன். அவள் அக்கா என்பாள். நன்றாகத்தான் பழகினாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவளாக இருந்திருந்தால் இவ்வளவு நாள் கோபம் நின்றிருக்காது.

கம்பெனி என்றால் நண்டுக் கம்பெனி. உச்சிப்புளியில் இருந்து கடற்கரைக்குப் போகும் ரோட்டில் இருந்தது. இப்போது பூட்டிக் கிடக்கிறது. நீலக்கால் நண்டை வேகவைத்து, ஆறவிட்டு, ஓட்டைப் பிரித்து, சதையை எடுத்து டின்னில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். சதை எடுப்பது பெண்கள். தலைக்கு வலைத்தொப்பி, வாய்க்குத் துணி, காலுக்கு ரப்பர் பூட்ஸ். கண்ணை வைத்துத்தான் ஆளை அடையாளம் தெரியும். காலையில் உள்ளே போகுமுன் வரிசையாக நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். நகம் வளர்ந்திருக்கிறதா, வெட்டுக்காயம் இருக்கிறதா என்று சூப்பர்வைசர் பார்ப்பாள். போலீஸ் முன்னால் நிற்பது மாதிரி இருக்கும். பழகிவிட்டது.

நான் சதை எடுக்கும் மேசையில் இல்லை. குக்கர் பக்கம். குக்கர் என்றால் வீட்டில் இருப்பது இல்லை. ஆள் உயரத்துக்கு இரும்புப் பெட்டி. நண்டுக் கூடைகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டு, ஆவியைத் திறந்துவிட வேண்டும். கை பலம் வேண்டும். கட்டுமரம் இழுத்த கை எனக்கு. அதனால் என்னை அங்கே போட்டார்கள்.

அவளுக்குப் பரமக்குடிப் பக்கம் ஒரு கிராமம். அய்யா மிளகாய் போடுகிறவர். இவள் காலேஜில் இங்கிலீஷ் படித்தாள். மேனேஜருக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், பேச வராது. நண்டு வாங்குகிறவர்களுக்கு இங்கிலீஷ் தவிர ஒன்றும் வராது. எங்களுக்குத் தமிழ் மட்டும். மூன்று பேருக்கும் நடுவில் அவள் ஒருத்தி. எங்களில் யார் என்ன செய்தோம் என்று அமெரிக்காவுக்குத் தெரிய வேண்டும் என்றால் அவள் வாய் வழியாகத்தான் போக வேண்டும்.

பேசுமுன் ஒருமுறை சுற்றிப் பார்ப்பாள். யார் நிற்கிறார்கள், யார் நிற்கவில்லை என்று. அதற்கு அப்புறம்தான் வாயைத் திறப்பாள். ஆரம்பிக்கும்போது, "ஓபனா சொல்றேன்க்கா" என்பாள். அந்தச் சொல் வந்தால் எதையோ மூடப் போகிறாள் என்று அர்த்தம். இது எனக்குத் தெரிய நாளானது.

ஒருமுறை அமெரிக்காவில் யாரோ டின்னைப் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். பல்லில் நண்டு ஓடு பட்டுவிட்டது. பெரிய புகார். கம்ப்யூட்டரில் அந்த ஊர்க்காரன் முகம் தெரிய, மேனேஜர் பக்கத்தில் இவள் உட்கார்ந்து பேசினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாங்கள் வேலை பார்த்துக்கொண்டே பார்த்தோம். பேசி முடித்து வெளியே வந்து, கடைசி மேசைப் பெண்கள் எல்லோரும் ஒரு வாரம் வர வேண்டாம் என்றாள். சரியாகப் பார்க்காமல் விட்டது அவர்கள்தானாம்.

பார்ப்பதற்கு ஊதா லைட்டு ஒன்று உண்டு. அதற்குக் கீழே சதையை வைத்தால் ஓடு மினுங்கும். அந்த லைட்டு எரியாமல் கிடந்தது. வாங்கிப் போடச் சொல்லி எல்லோரும் சொல்லியிருந்தார்கள். மேனேஜர் வாங்கவில்லை. இருட்டில் பார்க்கச் சொல்லிவிட்டு, பார்க்கவில்லை என்று அவர்களை அனுப்பினார்கள்.

அடுத்து ஒரு லோடு நன்றாக இருந்தது என்று பாராட்டு வந்தது. அப்போதும் அவள்தான் வந்து சொன்னாள். கம்பெனி ரொம்ப நல்லாச் செஞ்சிருக்குன்னு சொல்றாங்க என்றாள்.

"எடுத்தது நாங்க. கம்பெனி எங்கன இருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

சிரித்தாள். இங்கிலீஷில் அப்படித்தான் வரும் என்றாள். கெட்டது என்றால் ஆள் பேர் வரும், நல்லது என்றால் கட்டடம் பேர் வரும் போல.

ஆனால் வேறு மாதிரியும் இருப்பாள். பஸ் பிந்தி வந்தால் எங்கள் நேரத்தை வெட்டமாட்டாள். மாதவிடாய் நாளில் நின்றுகொண்டே வேலை பார்க்க முடியாதவர்களை உட்காரவைத்து, மேனேஜர் வந்தால் வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போவாள். ஊரில் இருந்து வரும்போது குண்டு மிளகாய் வற்றல் கொண்டுவந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பாள். என் வீட்டுக்காரர் கடலில் வலையைப் பறிகொடுத்து வெறும் கையாகத் திரும்பிய மாசம், அவள் சொல்லாமலே எனக்கு ஓவர்டைம் போட்டாள். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய டிபன் டப்பா இறுகிக்கொண்டது. ஸ்பூன் காம்பை விட்டு நெம்பினாள். மூடி எகிறியது. அவளுக்குச் சந்தோஷம். என்னையும் பர்வீனையும் பார்த்துச் சொன்னாள்.

"இதைப் பாருங்கக்கா. நான் டப்பாவைத் தொறந்தேன். ஸ்பூன் டப்பாவைத் தொறந்துச்சு. டப்பா தொறந்துருச்சு. நம்ம பேச்சுல ஒவ்வொண்ணுக்கும் வாலு மாறுது. இங்கிலீஷ்ல மூணுக்கும் ஓபன் ஒண்ணுதான். முன்னால யாரு நிக்கிறாங்குறதை மட்டும் பாத்துக்கிட்டாப் போதும்."

நான் ஆறாவது வரைக்கும் படித்தவள். எனக்கு அது புரிந்தது. இரும்புப் பெட்டியைத் தினம் திறக்கிறவளுக்குத் திறப்பது புரியாதா. அப்படியென்றால் திறந்தது யார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். முன்னால் நிற்கிறவள்தான் என்றாள். யாருமே நிற்கவில்லை என்றால் என்றேன். டப்பாவையே நிற்க வைத்துவிட வேண்டியதுதான் என்றாள்.

"அப்ப என் மீன் கொழம்பைத் தின்னது யாரு மேடம், டப்பாவா?" என்றாள் பர்வீன்.

எல்லோரும் சிரித்தோம். சூப்பர்வைசர் வாயில் பர்வீன் வீட்டு மீன் குழம்பு இருந்தது.

பர்வீன் புதுமடத்துப் பிள்ளை. காலிக்கூடை எடுத்துக் கொடுக்கும் வேலை. வாப்பா சவுதியில் இருந்தவர், நெஞ்சுவலி வந்து திரும்பிவிட்டார். இவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. தொண்டியில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். யாரையும் கிண்டல் செய்வாள். சூப்பர்வைசரையே செய்வாள். அவளுக்கும் இவளைப் பிடிக்கும்.

குக்கர் கதவின் கொண்டி தேய ஆரம்பித்ததை முதலில் பார்த்தது நான். நுனி வழுவழுவென்று ஆகியிருந்தது. போட்டால் விழும், ஆனால் பிடிக்காது. ஆவி ஏறினால் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். நான் மேனேஜரிடம் நேராகப் பேசக்கூடாது. அது அங்கே முறை. எதுவானாலும் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். சொன்னேன். அவள் வந்து பார்த்தாள். விரலால் தடவினாள்.

சில நாள் கழித்துக் கேட்டேன். "சொல்லியாச்சுக்கா" என்றாள்.

மறுபடி கேட்டேன். "பாத்துக்கிட்டு இருக்காக" என்றாள்.

அப்போது எனக்கு உறைக்கவில்லை. இங்கிலீஷ் இல்லாமலே அவளுக்கு அந்த வித்தை வரும். சொல்லியாச்சு என்றால் யார் சொன்னது, யாரிடம் சொன்னது, அந்த ஆள் என்ன சொன்னான், ஒன்றும் கிடையாது. நம் பேச்சிலும் ஒளிய இடம் இருக்கிறது. நானும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் என் பேச்சில் யாரும் வெந்து போனதில்லை.

அன்றைக்கு நண்டு நிறைய வந்திருந்தது. குக்கரில் ஆவி ஏறிக்கொண்டிருந்தது. நான் வால்வுப் பக்கம் நின்றேன். பர்வீன் காலிக்கூடைகளைத் தூக்கிக்கொண்டு குக்கர் முன்னால் போனாள். அதுதான் பாதை. வேறு பாதை வைக்கவில்லை. டொக் என்று ஒரு சத்தம். கொண்டி நழுவி, கதவு விரிந்தது. வெள்ளையாக ஆவி வந்தது. அதற்குள் அவள் நின்றாள்.

வால்வை மூடிவிட்டு ஓடினேன். கையும் கழுத்தும் ஒரு பக்கக் கன்னமும் வெந்துவிட்டன. வாயில் துணி கட்டியிருந்ததால் முகத்தில் பாதி தப்பியது. கூடைகளை அவள் கீழே போடவில்லை. நான்தான் விரலைப் பிரித்து வாங்கினேன்.

சூப்பர்வைசர் ஓடிவந்தாள். தண்ணீர் ஊற்றினாள். கையுறையை வெட்டி எடுத்தாள். கம்பெனி வேனில் பர்வீன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ராமநாதபுரம் வரைக்கும் போனாள். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது. அந்த அழுகை பொய் இல்லை. அன்று சாயங்காலம் அமெரிக்காவுக்கு விபத்தைப் பற்றி ஒரு வரி அடித்து அனுப்பியதும் அவள்தான்.

அந்த வரி எங்களுக்குப் பர்வீன் உம்மா வழியாகத் தெரிந்தது. மதுரையில் வைத்தியச் செலவுக்குக் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. கேட்கப் போன உம்மாவிடம் மேனேஜர், உங்கள் பெண் உத்தரவு இல்லாமல் கதவைத் திறந்திருக்கிறாள், அவள் மேல்தான் தப்பு, வேலையும் கிடையாது என்று சொல்லிவிட்டார். உம்மா நேரே என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வந்து உட்காரவில்லை.

"நீ அங்கனதானே நின்ன. எம்புள்ளயா தொறந்துச்சு?"

"இல்ல லாத்தா."

"அப்ப யாரு சொன்னாக?"

மறுநாள் கையைக் காட்டும் வரிசையில் நான் கையைத் தூக்கவில்லை. சூப்பர்வைசர் என்னைத் தனியாக ஐஸ் அறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நீதானே வேனில் மடியில் வைத்துக்கொண்டு போனாய் என்று கேட்டேன். சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"ஓபனா சொல்றேன்க்கா. கதவைத் தொறந்தது யாருன்னு எழுதணும்னாரு. குக்கர்ல நிக்கிறது நீங்க. உங்களைத்தான் மொதல்ல வைக்கச் சொன்னாரு. நான்தான் மாத்துனேன். அந்தப் புள்ள எப்படியும் இனி வேலைக்கு வர முடியாது. உங்களுக்கு மூணு புள்ளைக இருக்கு."

சொல்லிவிட்டு நின்றாள். நான் நன்றி சொல்வேன் என்று நின்றாள்.

அடித்துவிடுவேனோ என்று ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். என்னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெந்து கிடக்கிற பிள்ளையை நிற்க வைத்திருக்கிறாள். அதுவும் எனக்காக. என்னிடம் கேட்காமல்.

"கொண்டி தேஞ்சதை நீ அந்தாளுகிட்டச் சொன்னியா, இல்லையா?"

"சொல்லாம இருப்பனாக்கா."

"என்ன சொன்னான்?"

போய்விட்டாள்.

நண்டு வாங்குகிற கம்பெனியில் இருந்து இரண்டு பேர் வருவதாகச் சொன்னார்கள். வருஷா வருஷம் வருவார்கள். இந்த முறை விபத்தைப் பற்றியும் கேட்பார்களாம். விபத்துக்கு அப்புறமும் கொண்டியை மாற்றவில்லை. கம்பி சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். அவர்கள் வருகிற அன்று காலை மெக்கானிக் கம்பியை அவிழ்த்து, கொண்டிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தான். அடிக்கச் சொன்னது மேனேஜர். அதை நான் காதால் கேட்டேன்.

முதல் நாளே பஸ் ஸ்டாப்பில் நாங்கள் பேசி வைத்திருந்தோம். என்ன சொன்னாலும் அது அவள் வாய் வழியாகத்தான் போகும். அதனால் ஒன்றும் சொல்லக்கூடாது என்று முடிவு. செய்து காட்ட வேண்டும்.

ஒரு வெள்ளைக்காரம்மா, ஒரு ஆள். வெள்ளைக் கோட்டு, தொப்பி. மேசை மேசையாகப் பார்த்துவிட்டுக் குக்கர் முன்னால் வந்து நின்றார்கள். அந்தம்மா ஏதோ கேட்டது. இங்கேதான் என்று மேனேஜர் கையைக் காட்டினார். சூப்பர்வைசர் வாயைத் திறக்குமுன் நான் கதவைச் சாத்தினேன். கொண்டியைப் போட்டேன். வெறும் பெட்டி, உள்ளே நண்டு இல்லை. எல்லோரையும் கையால் ஒதுக்கிவிட்டு, ஆவியை விட்டேன். பின்னால் நடந்து சுவரில் முதுகு இடிக்க நின்றேன். இரண்டு கையையும் தூக்கினேன்.

மேசைகளில் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பி கையைத் தூக்கினார்கள். காலையில் நகம் காட்டுவோமே, அது மாதிரி. ஒருத்தி கையிலும் ஒன்றும் இல்லை. ஒருத்தியும் கதவுப் பக்கம் இல்லை.

மேனேஜர், என்ன இது, கையைக் கீழே போடுங்கள் என்றார். யாரும் போடவில்லை. வெள்ளைக்காரம்மா அவரைப் பேசாமல் இருக்கச் சொல்வது மாதிரி விரலைக் காட்டியது. ஆவி சத்தம் மட்டும் கேட்டது. பச்சைப் பெயிண்ட் கசிந்து வழிந்தது. டொக். கதவு விரிந்தது.

ஆவி அடங்கியது. அந்தம்மா சூப்பர்வைசரைப் பார்த்துக் கேட்டது. அவள் எங்கள் கைகளைப் பார்த்தாள். குக்கரைப் பார்த்தாள். மேனேஜரைப் பார்த்தாள்.

"த டோர் ஓபன்ட்" என்றாள்.

எனக்கு அது புரிந்தது. பர்வீனை முன்னால் இருந்து எடுத்துவிட்டாள். நெஞ்சில் இருந்து கல் இறங்கியது மாதிரி இருந்தது. வாய்த்துணிக்கு மேல் எல்லோர் கண்ணும் சிரித்தது. அப்போது மேனேஜர் முகத்தைப் பார்த்தேன். அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் சந்தோஷம்.

அவருக்கு ஏன் சந்தோஷம் என்று யோசித்தேன். டப்பாவையே நிற்க வைத்துவிட்டாள். கதவு தானாகத் திறந்தது. பர்வீனும் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை, மேனேஜரும் திறக்கவில்லை. அந்த இடம் காலி. காலி இடத்திடம் போய் யார் என்ன கேட்பது.

நான் முன்னால் போனேன். சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"கொண்டி தேஞ்சு போச்சுன்னு உன்கிட்டச் சொன்னேன். நீ இவருகிட்டச் சொன்ன. மாத்தாம விட்டது யாரு? இதை அந்தம்மாகிட்டக் கேளு."

"எதுக்குக்கா இப்ப. கேட்டது கெடச்சிருச்சுல்ல" என்றாள், மெதுவாக.

"கேளு."

சுற்றிப் பார்த்தாள். அப்புறம் அந்தம்மா பக்கம் திரும்பி நீளமாக ஏதோ சொன்னாள். என்னைக் காட்டினாள். நன்றாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். வெள்ளைக்காரம்மா முகம் இளகியது. நெஞ்சில் கை வைத்து, என்னைப் பார்த்து லேசாகக் குனிந்து, "யூ ஆர் வெல்கம்" என்றது.

அது எனக்குத் தெரிந்த இங்கிலீஷ். டிவியில் தினம் வருகிறது. யாராவது நன்றி சொன்னால்தான் அதைச் சொல்வார்கள்.

நான் கேட்ட கேள்வியை எடுத்துப் போட்டுவிட்டு, என் வாயில் நன்றியை வைத்துவிட்டாள். ஐஸ் அறையில் கிடைக்காத நன்றி.

அவர்கள் போய்விட்டார்கள். விபத்து, யார் மேலும் தப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். பர்வீன் விரும்பினால் வேலைக்கு வரலாமாம். வைத்தியச் செலவு பற்றிப் பேச்சில்லை. தப்பில்லாத இடத்தில் செலவு எப்படி வரும் என்று மேனேஜர் கேட்டாராம். உம்மாவிடம் போய் நான் இதைச் சொன்னபோது, அவர் பர்வீன் கழுத்தில் மருந்து தடவிக்கொண்டிருந்தார். தொண்டி மாப்பிள்ளை வீட்டில் இருந்து பேச்சு நின்றுபோயிருந்தது.

"யாருமே தொறக்கலன்னா எம்புள்ள எப்புடிம்மா வெந்துச்சு?" என்றார்.

பர்வீன் கிண்டல் செய்யவில்லை.

நானும் உம்மாவும் ராமநாதபுரத்தில் தொழிலாளர் ஆபீசில் மனுக் கொடுத்தோம். அடுத்த வாரமே என்னைக் கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். வேலையில் இருந்து கிளம்பும்போது பழைய கொண்டியைக் கழிவு இரும்பில் இருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் புதுக் கொண்டி போட்டிருந்தார்கள். இவ்வளவு சுலபமான வேலையா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

முதல் விசாரணையில் மேனேஜர், கொண்டியைப் பற்றித் தன்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றார். நான் சொன்னது சூப்பர்வைசரிடம். அவரிடம் சொன்னது அவள். அவளைக் கேட்டார்கள். அவள் கம்பெனிப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஞாபகத்துல இல்ல சார்" என்றாள்.

யார் ஞாபகத்தில் என்றுகூட இல்லை. உம்மா அவளைப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த கொண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆபீசர் அடுத்த தேதி போட்டார்.

அந்தத் தேதிக்கு முன்னால் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பையும் குடையுமாகப் பரமக்குடி பஸ்ஸுக்கு நின்றாள். என்னைப் பார்த்து விலகவில்லை. பக்கத்தில் வந்தாள்.

"வேலை போயிருச்சுக்கா."

"போச்சா, எடுத்தாகளா?"

குடையைக் கை மாற்றிக்கொண்டாள். டீக்கடைப் பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எடுத்துட்டாரு."

"யாரு?"

"மேனேஜர். ஒரு லோடு ஐஸ் பத்தாம வழியில கெட்டுப் போச்சு. ஐஸைக் கொறைக்கச் சொன்னது அந்தாளு. வாங்குறவங்ககிட்ட நான் தப்பாச் சொல்லிட்டேன்னு எழுதி என்னை அனுப்பிட்டாரு."

எவ்வளவு தெளிவாகச் சொன்னாள். யார் செய்தது, எதை வைத்துச் செய்தது, யாருக்குச் செய்தது, எல்லாம் அது அதன் இடத்தில் இருந்தது. ஒன்றும் விடுபடவில்லை. இப்படிச் சொல்ல அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. எனக்குப் பாவமாக வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இந்த வாய் அன்னைக்கு எங்கன போச்சு?" என்றேன்.

அழுதாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். விசாரணைத் தேதியைச் சொன்னேன். வந்து சொல் என்றேன். சொல்லலாம்க்கா என்றாள். யார் சொல்லலாம் என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டாள்.

வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். ஆபீசர் கேட்டார். அவள் எழுந்து நின்று சுற்றிப் பார்த்தாள். மேனேஜர் இருந்தார். உம்மா இருந்தார். பர்வீன் முக்காட்டைக் கழுத்துவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொண்டி பழுது பத்தி நிர்வாகத்துக்குத் தெரிவிக்கப்பட்டது சார்."

"யாரும்மா தெரிவிச்சது? யாருக்கு?" என்றார் ஆபீசர்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பர்வீன் முக்காட்டை விலக்கினாள். வேண்டுமென்று செய்தாளா, வேர்த்ததா, தெரியாது. கழுத்து தெரிந்தது. நண்டு ஓடு மாதிரி சிவந்து சுருங்கியிருந்தது.

"நான் சொன்னேன் சார். இந்த மேனேஜர்கிட்ட. அக்கா என்கிட்டச் சொன்ன அன்னைக்கே சொன்னேன். சீசன் முடியட்டும், குக்கரை நிறுத்த முடியாதுன்னு இவர்தான் சொன்னாரு. அந்தப் புள்ள கதவைத் தொறக்கல. தொறந்தான்னு எழுதச் சொன்னதும் இவர்தான். எழுதுனது நான்."

ஆபீசர் எழுதிக்கொண்டார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

செலவு வந்தது. பர்வீனை மறுபடி மதுரைக்குக் கூட்டிப்போய்த் தோல் வைத்தார்கள். கம்பெனி கட்டியது. கட்ட வைத்தது உம்மா. தொண்டி மாப்பிள்ளை திரும்பி வரவில்லை. பர்வீன் இப்போது உச்சிப்புளியில் ஒரு தையல் கடையில் இருக்கிறாள். வெயிலிலும் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட சட்டைதான். கிண்டல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது.

சூப்பர்வைசர் கோயம்புத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அதற்கு அப்புறம் பார்க்கவில்லை. ஊரில் சிலர், கடைசியில் அவள்தானே உண்மையைச் சொன்னாள், விட்டுவிடு என்கிறார்கள். அவள் வேலை போகாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாளா என்று நான் கேட்கிறேன்.

அன்று விசாரணை முடிந்து ஆபீஸ் படியில் நின்றோம். உம்மா அவள் கையைப் பிடித்து, அல்லா உன்னை நல்லா வைக்கட்டும் என்றார். உம்மாவுக்கு அந்த மனசு. எனக்கு இல்லை. நான் கொண்டியைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"கோவம் இருக்கத்தான் செய்யும்க்கா" என்றாள்.

நான் நின்றேன்.

"யாருக்கு? யாரு மேல? முழுசாச் சொல்லு."

அவள் சுற்றிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்கு. என் மேல."

"ஆமா" என்றேன்.